மிரளும் பெட்டைக் குதிரைக்குத் தைரியம் வரவைப்பது எப்படி? (மார்வாரி கலப்பு, கடலூர்)

தாழங்குடாக்காரன் (கடலூர்)

எல்லாருக்கும் வணக்கம். போன ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் ஒரு பெட்டை வாங்கினோம். ராஜஸ்தான் மார்வாரி இனக் கலப்பு, நாலு காலும் நெற்றியும் வெள்ளையான பஞ்சகல்யாணி. பல் பார்த்தவர் ஐந்து வயசு என்றார். பெயர் கௌரி. கடற்கரைச் சவாரிக்கு விட வாங்கவில்லை. அப்பாவுக்கு வாலிபத்திலிருந்தே குதிரை மேல் ஆசை, அவ்வளவுதான்.

வந்ததிலிருந்தே கொஞ்சம் மிரளும். 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயலுக்கு அப்புறம் நிலைமையே வேறு. கூரைத் தகரம் ஒன்று பிய்ந்து ராத்திரி முழுக்கப் படபடவென்று அடித்தது. அது ஓய்வதற்குள் தென்பெண்ணையில் வெள்ளம் வந்துவிட்டது. இருட்டில், தண்ணீரில் இழுத்துத்தான் அவளை மேட்டுக்குக் கொண்டுபோனோம். இப்போது தார்ப்பாய் அசைந்தால் பின்னால் பாய்கிறாள். சின்னக் குட்டைத் தண்ணீரைக் கூட மிதிப்பதில்லை. வலது பக்கமாகப் போனால் மூக்கு விடைத்து உறுமுகிறாள். கட்டிப்போட்டால் கயிறு அறும்வரை பின்னுக்கு இழுக்கிறாள்.

மேலே ஏறுவதைப் பற்றி இப்போது யோசிக்கவே இல்லை. முதலில் அவள் பயம் போகணும். தரையில் நின்று கயிற்றில் பழக்குகிற முறை, நேச்சுரல் ஹார்ஸ்மேன்ஷிப் என்கிறார்களே, அதைச் செய்து பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

பண்ருட்டி_சாரட்டு

தம்பி, நான் கல்யாண ஊர்வலத்துக்குச் சாரட்டு விடுறவன். எங்கப்பா காலத்துல இருந்து இதான் தொழில். எங்க வழியைச் சொல்றேன். ஆழமா நட்ட கம்பத்துல ரெட்டைக் கயிறு போட்டுக் கட்டு. எதுக்குப் பயப்படுதோ அதையே பக்கத்துல வெச்சு ஆட்டு. அரை நாள் துள்ளும், அப்புறம் நிக்கும். நின்னுட்டா முடிஞ்சுது. பேண்டு, வெடி, ஜெனரேட்டர் எதுக்கும் எங்க குதிரைங்க அசையாது. விட்டுக்கொடுத்தா அதுவே பழக்கமாயிடும்.

நெல்லிக்குப்பம்_கரும்புக்காடு

சுழி பார்த்துதான் வாங்கினீங்களா? நெத்தியில ரெட்டைச் சுழி இருந்தா எப்பவும் மிரண்டுக்கிட்டேதான் இருக்கும்னு எங்க பெரியப்பா சொல்லுவார். அப்படி இருந்தா வித்துட்டு வேற பாருங்க.

வில்லியனூர்_லாயம் (புதுச்சேரி)

சுழியை விடுங்க. புயல்ல தகரம் அடிச்சதும், இருட்டுல வெள்ளத்துல இழுத்துக்கிட்டுப் போனதும் கண்ணெதிர்ல நடந்த காரணம். அதை விட்டுட்டு நெத்தியில காரணம் தேட வேணாம்.

சாரட்டு அண்ணே, உங்க தொழில் மேல எனக்கு மரியாதை உண்டு. ஆனா கட்டிப்போட்டு ஆட்டுறதுல ஒத்துப்போக முடியல. காரணத்தைச் சொல்லிடறேன்.

அப்படிச் செஞ்சா குதிரை கடைசியில நிக்கும். நிஜம்தான். ஏன் நிக்குதுன்னு பார்க்கணும். குதிரை ஓடிப் பிழைக்கிற பிராணி. பயம்னா அதுக்குத் தெரிஞ்ச ஒரே மருந்து தூரம். அந்தத் தூரத்தை நாம கயிறு போட்டு எடுத்துட்டா, கொஞ்ச நேரம் போராடிட்டு, இனி நாம என்ன செஞ்சாலும் ஒண்ணும் ஆகாதுன்னு விட்டுடும். அப்போ அதோட முகத்தைப் பாருங்க. கண்ணு ஒரே இடத்துல குத்திட்டு நிக்கும். காது திரும்பாது. உதடு இறுகி, வாலு பின்பக்கம் ஒட்டி இருக்கும். தாடைக்கு அடியில ஓடுற நாடியில விரல் வெச்சு எண்ணுங்க. வளர்ந்த குதிரைக்கு ஓய்வுல நிமிஷத்துக்கு 28லேருந்து 44 துடிப்பு. சும்மா நிக்கிற குதிரைக்கு அதுக்கு எவ்வளவோ மேல ஓடுச்சுன்னா அது அமைதி இல்ல. பயத்தோடயே நிக்குது.

அப்படி நின்ன குதிரை ஒரு நாள் எந்த முன்னறிவிப்பும் இல்லாம வெடிக்கும். முன்னறிவிப்பு குடுத்துப் பிரயோசனம் இல்லைன்னு நாமதானே கத்துக்குடுத்தோம்? இன்னொண்ணு, இந்தப் பொண்ணு ஏற்கெனவே கட்டினா பின்னுக்கு இழுக்குது. அசையாத கம்பத்துல கட்டி ஆட்டினா கழுத்தும் உச்சியும் போயிடும். தயவுசெஞ்சு வேணாம்.

தம்பி, நீங்க முதல்ல செய்யவேண்டியது கயிறே இல்லாம செய்யற வேலை. அடைப்புக்குள்ள அவ அவுத்துவிட்டு இருக்கட்டும். நேரா முகத்தைப் பார்த்துப் போகாதீங்க, தோள்பட்டையைப் பார்த்து, வளைஞ்சு, சாதாரணமா நடங்க. அவ காது உங்க பக்கம் நட்டுக்கிட்டு, கழுத்து உசந்து, மூச்சு நிக்கிற ஒரு இடம் வரும். அங்கேயே நில்லுங்க. அவ கால் எடுக்கிறதுக்கு முன்னாடி நீங்க திரும்பி நாலடி விலகிடணும். இதுலதான் எல்லாம் இருக்கு. அவ ஓடினப்புறம் நீங்க விலகினா, ஓடினாத்தான் ஆள் போவான்னு பாடம். அவ நிக்கும்போதே விலகினா, நின்னாலே ஆள் போயிடுவான்னு பாடம். அந்த எல்லைக்கோடு தானாவே உள்ள வரும். ஒரு கட்டத்துல நீங்க விலகும்போது அவ பின்னாடி ஒரு அடி எடுத்து வைப்பா. அன்னிக்கு அதோட நிறுத்திடுங்க, இன்னும் கொஞ்சம்னு கேக்காதீங்க.

குரும்பாபேட்_மாணவி (புதுச்சேரி)

வணக்கம். நான் கால்நடை மருத்துவம் படிக்கிறேன். பயிற்சிக்கு முன்னால் ஒன்றைப் பார்த்துவிட வேண்டும் என்று நினைக்கிறேன். வலிக்கிற குதிரைக்குத் தைரியம் சொல்லித்தர முடியாது. வலது பக்கம் மட்டும் அதிகம் மிரள்கிறாள் என்றால் வலது கண்ணைப் பரிசோதிக்க வேண்டும். பழைய காயம், வெண்படலம் எதுவும் இருக்கிறதா? வாயின் இரு ஓரமும், நாக்கும், கடைவாய்ப்பற்களுக்கு முன்னால் உள்ள வெற்று ஈறும் எப்படி இருக்கின்றன? சந்தைக்கு வரும் பல குதிரைகள் முள் வைத்த கடிவாளத்தில் பழகியவை. 1965-இல் வந்த பாரம் இழுக்கும், சுமக்கும் விலங்குகளுக்கான வதைத்தடுப்பு விதிகளிலேயே முள் கடிவாளம் தடை செய்யப்பட்டிருக்கிறது. இருந்தும் புழக்கத்தில் இருக்கிறது. அந்த வலியை அனுபவித்த குதிரை, தலைப் பக்கம் கை வந்தாலே தலையைத் தூக்கும்.

அடுத்து வயிறு. குதிரையின் இரைப்பையில் அமிலம் நாள் முழுக்கச் சுரந்துகொண்டே இருக்கும், தின்றாலும் தின்னாவிட்டாலும். காலையும் மாலையும் தவிடு, தானியம் வைத்துவிட்டு இடையில் வெறும் வாயோடு நிறுத்தினால் புண் வரும். புண் வந்த குதிரை எரிச்சலும் மிரட்சியுமாக இருக்கும். உடல் எடையில் 1.5 முதல் 2 சதவீதம் வரை காய்ந்த நார்த்தீவனம் வேண்டும். 350 கிலோ பெட்டைக்கு நாளைக்கு ஐந்தேகாலிலிருந்து ஏழு கிலோ. பயிற்சிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு பிடி புல் கொடுத்துவிட்டுத் தொடங்குவது நல்லது.

கடைசியாக ஒன்று: இரவில் அவள் படுக்கிறாளா? குதிரை நின்றபடியே கண்ணயரும், ஆனால் ஆழ்ந்த கனவு உறக்கத்துக்குப் படுத்தே ஆக வேண்டும். பாதுகாப்பு இல்லை என்று தோன்றினால் படுக்காது. காலையில் விலாவிலும் இடுப்பிலும் மண்ணோ வைக்கோலோ ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

தாழங்குடாக்காரன்

டாக்டரம்மா, நீங்கள் சொன்ன பிறகு அப்பாவும் நானும் மெதுவாக உதட்டைத் தூக்கிப் பார்த்தோம். இரண்டு வாயோரத்திலும் வெளுத்த தழும்பு. வாங்கியபோது இதைப் பார்க்கத் தெரியவில்லை. உள்ளூர்க் கால்நடை மருத்துவர் வந்து கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார், கண் நன்றாக இருக்கிறது என்றார். கடைவாய்ப்பல் ஓரம் கூர்மையாக இருக்கிறதாம், அராவ வேண்டும் என்றார்.

படுத்த அடையாளம் இல்லை. தீவனம் நீங்கள் சொன்ன மாதிரிதான், இரண்டு வேளை தவிடும் ஊறவைத்த கொள்ளும், நடுவில் ஒன்றுமில்லை. தனியாகத்தான் இருக்கிறாள், பக்கத்தில் வேறு குதிரை கிடையாது.

குரும்பாபேட்_மாணவி

பல்லை முதலில் முடித்துவிடுங்கள். அதுவரை வாயில் எதையும் போட வேண்டாம், கடிவாளம் இல்லாமல் தலைக்கயிறு மட்டும் போதும். நாள் முழுக்க அருகம்புல்லோ காய்ந்த புல்லோ வலைப்பையில் போட்டுக் கட்டுங்கள். உங்கள் பக்கம் மணல் தரை என்பதால் தீவனத்தைத் தரையில் கொட்டாதீர்கள், மணல் குடலில் சேர்ந்து வயிற்றுவலி வரும். ஒரு ரப்பர் விரிப்பின் மேல் வைத்தாலும் போதும். துணைக்கு இன்னொரு குதிரை முடியாவிட்டால் ஒரு ஆடாவது கட்டிவையுங்கள். கூட்டமாக வாழ்கிற பிராணி. யாராவது ஒருவர் காவல் இருந்தால்தான் மற்றது படுக்கும்.

செம்மண்_சவாரி (ஆரோவில் பக்கம்)

நல்ல இழை. இந்த முறைகளின் பூர்வீகத்தைக் கொஞ்சம் சொல்கிறேன். வன்முறையால் குதிரையைப் பழக்கக் கூடாது என்பது புதுக் கருத்து இல்லை. சுமார் 2,400 ஆண்டுகளுக்கு முன்பு கிரேக்கப் படைவீரர் செனோஃபோன் இதை எழுதிவைத்திருக்கிறார். இப்போது நாம் வீடியோக்களில் பார்ப்பதற்கு வேர், மேற்கு அமெரிக்கப் பண்ணைகளில் வேலை செய்த டாம் டாரன்ஸ், பில் டாரன்ஸ் சகோதரர்கள், அவர்களிடம் கற்ற ரே ஹன்ட். நேச்சுரல் ஹார்ஸ்மேன்ஷிப் என்ற பெயரை 1980-களில் பரவலாக்கியவர் பாட் பரெல்லி. மான்டி ராபர்ட்ஸ் வட்ட வேலிக்குள் செய்யும் 'ஜாயின் அப்' இன்னொரு கிளை. 50, 60 அடி விட்டமுள்ள வட்டத்துக்குள் குதிரையை ஓடவிட்டு, அது தலையைத் தாழ்த்தி, வாயை மென்று, நம் பக்கம் காதைத் திருப்பியதும் நாம் முதுகைக் காட்டித் திரும்பி நின்றால், அது நம்மிடம் நடந்து வரும்.

நான் இதை நேரில் பார்த்திருக்கிறேன். பார்க்க மிக அழகாக இருக்கும். தாழங்குடா நண்பருக்கு வட்ட வேலி போட இடம் இருந்தால் முயன்று பார்க்கலாம்.

வில்லியனூர்_லாயம்

செம்மண் தோழர், வரலாறு சரியாச் சொன்னீங்க. ஆனா இந்தக் குதிரைக்கு அந்த ஓட்டம் வேணாம்னு சொல்லுவேன். சோம்பலான, ஆளை மதிக்காத குதிரைக்கு அது ஒரு வழி. இவளோட வியாதியே ஓட்டம். வட்டத்துக்குள்ள துரத்தினா, பயந்தா ஓடணும்கிற பாடத்தைத்தான் நாம திரும்பத் திரும்பப் படிக்க வைக்கிறோம். ஆஸ்திரேலியாவுல ஆராய்ச்சியாளருங்க ஆளுக்குப் பதிலா ஒரு ரிமோட் காரை வட்டத்துக்குள்ள விட்டு, குதிரை திரும்பினா காரை நிறுத்தி, பழக்கிப் பார்த்தாங்க. குதிரை அந்தக் காரைப் பார்த்தும் திரும்பக் கத்துக்கிச்சு. அதாவது அங்க வேலை செய்யறது அழுத்தம் நிக்கிற அந்த நொடி. அந்த நொடி நமக்குப் போதும்னா, துரத்தாமலே குடுக்கலாமே. வாய் மெல்றதும் அப்படித்தான். பதற்றம் இறங்கும்போது வாயில ஈரம் திரும்புது, மெல்லுது. அதுக்கு முன்னாடி பதற்றம் இருந்துச்சுன்னும் அதுக்கு அர்த்தம். மெல்லுற வரைக்கும் விரட்டினேன்னு பெருமைப்பட ஒண்ணுமில்ல.

சரி, கயிறு கட்டிச் செய்யற வேலைக்கு வருவோம். தம்பி, இதை நிதானமாப் படிங்க.

முடிச்சுப் போட்ட தலைக்கயிறு, அதுல 12 அடிக் கயிறு. கையில சுத்திக்காதீங்க, எந்தக் காரணத்துக்கும். மடிச்சு மடிச்சுப் பிடிங்க. தலைக்கவசம், மூடின செருப்பு ரெண்டும் வேணும், கீழ நிக்கும்போதும்.

முதல் பாடம் தலையை இறக்குறது. காதுக்குப் பின்னாடி உச்சியில உள்ளங்கையை வைங்க. அமுக்காதீங்க, கையோட கனம் மட்டும். தலை ஒரு அங்குலம் இறங்கினா உடனே கையை எடுங்க. ஒரு நொடி தாமதமானா அவளுக்கு எதுக்காகக் கை எடுத்தோம்னு தெரியாது. தலை முதுகு மட்டத்துக்குக் கீழ போயிடுச்சுன்னா கழுத்து தளரும், மூச்சு இறங்கும். பிற்பாடு எங்க பதறினாலும் இந்தக் கையைக் காட்டி இறக்கலாம். இவளுக்குத் தலையில வலி ஞாபகம் இருக்குறதால உச்சிக்கு நேராப் போகாதீங்க. தோள், பிடரி, கழுத்துன்னு கை நகரட்டும். அவ இறுகினா அங்கேயே கையை நிறுத்தி, இளகினதும் எடுங்க.

ரெண்டாவது, பின்னங்காலை நகர்த்துறது. தோள் பக்கம் நின்னு, கயிறைக் கொஞ்சம் உங்க பக்கம் எடுத்து, அவ இடுப்பைப் பாருங்க. பார்க்கறதுக்கே நகரலைன்னா ஒரு அடி நடங்க. அப்பவும் இல்லைன்னா கயிறு நுனியைச் சுத்துங்க. பக்கத்துக் கால் மத்த காலுக்கு முன்னால குறுக்க போச்சா, எல்லாத்தையும் நிறுத்திடுங்க. குதிரைக்கு ஓட்டத்துக்கான தள்ளு பின்னங்கால்ல இருந்து வருது. அது குறுக்க போகும்போது நேரா பாய முடியாது. இது தெரிஞ்ச குதிரை உங்க கையை மீறி ஓடறது ரொம்பக் குறைஞ்சுடும். உங்க உசுருக்கும் இதுதான் காப்பு. ரெண்டு பக்கமும் செய்யணும்.

மூணாவது, பின்னால போறது. கயிறை லேசா ஆட்டினா ரெண்டு அடி பின்னால போகணும், அவ்வளவே. பயந்தா உங்க மேல வந்து ஏறாம இருக்கறதுக்கு. இதைப் பத்தி அதிகம் சொல்ல ஒண்ணுமில்ல.

இப்போ தார்ப்பாய். எல்லாரும் தப்புப் பண்றது இங்கதான். பாயைக் குதிரைகிட்ட கொண்டுபோவாங்க. நீங்க பாயைக் குதிரைகிட்ட இருந்து கொண்டுபோங்க. அப்பா பாயை மடிச்சுக் கையில வெச்சுக்கிட்டு, தூரத்துல, உங்களுக்கு முன்னால நடக்கட்டும். நீங்க கௌரியைப் பிடிச்சுக்கிட்டு அவர் பின்னாலேயே போங்க. பயமுறுத்துற பொருள் நம்மைவிட்டு ஓடுது, நாம அதைத் துரத்துறோம். குதிரையோட மனசு இதுல மாறுறதைக் கண்ணால பார்க்கலாம். காது ரெண்டும் முன்னால வரும், கழுத்து நீளும், மூக்கு வேலை செய்ய ஆரம்பிக்கும். தூரம் தானா குறையும். அவர் நிறுத்தினா நீங்களும் நில்லுங்க. அவளா ஒரு அடி போனா போகட்டும். மோந்து பார்த்ததும் அப்பா பாயைக் கொஞ்சம் இழுத்துக்கிட்டு மறுபடி நடக்கட்டும். மூக்கை வெச்ச உடனே "நல்லா மோந்து பாரு"ன்னு பாயை முகத்துல தள்ளாதீங்க, அவளா குடுத்த நம்பிக்கையை அங்கேயே உடைச்ச மாதிரி ஆயிடும்.

இருவது நிமிஷத்துக்கு மேல வேணாம். வெயில் ஏறுறதுக்கு முன்னாடி முடிச்சுடுங்க, நம்ம கடலோரப் புழுக்கத்துல சோர்ந்த குதிரை எதையும் கத்துக்காது.

பண்ருட்டி_சாரட்டு

எல்லாம் படிச்சேன். ஒரு கேள்வி கேக்குறேன், கோவிச்சுக்காதீங்க. நான் ஊர்வலத்துல நிக்கும்போது முன்னால பேண்டு, பின்னால ஜெனரேட்டர், ரெண்டு பக்கமும் ஜனம். பத்தாயிரம் வாலா கொளுத்திடுறானுங்க. அங்க குதிரை ஒதுங்கிப்போக இடம் ஏது? உங்க வீட்டு அடைப்புல விலகினா விலகலாம். தெருவுல என்ன பண்ணுவீங்க?

வில்லியனூர்_லாயம்

ரொம்ப நியாயமான கேள்வி அண்ணே. தெருவுல சொல்லித்தர முடியாது. அங்க போறதுக்கு முன்னாடி சொல்லித்தந்திருக்கணும். வெடிச் சத்தத்தைப் போன்ல பதிஞ்சு, அது புல்லு தின்னும்போது, காது மட்டும் திரும்பி வாய் நிக்காத அளவுக்குச் சின்னதா வைக்கணும். தின்னறது நின்னா சத்தம் அதிகம்னு அர்த்தம், குறைச்சுடணும். நாளாக நாளாக ஏத்தலாம். நெஜ வெடியில புகை இருக்கு, வெளிச்சம் இருக்கு, அதிர்ச்சி இருக்கு. அதுக்கு ஊர்க்கோடியில இருந்து ஆரம்பிக்கணும்.

அதுக்கெல்லாம் பழகாத குதிரையை வாலா முன்னாடி நிறுத்த யாராவது கூப்பிட்டா முடியாதுன்னு சொல்லணும். பக்கத்துல குழந்தைங்க நிக்கிறாங்க. கூலி போனாப் போகட்டும்.

பண்ருட்டி_சாரட்டு

கூலி போனா வீட்ல அடுப்பு எரியாது தம்பி, அதையும் நீங்க தெரிஞ்சுக்கணும். ஆனா குழந்தைங்க விஷயத்துல நீங்க சொல்றது சரி. போன்ல சத்தம் வைக்கிறது எனக்குப் புதுசு, புதுக்குட்டி ஒண்ணு இருக்கு, அதுகிட்ட செஞ்சு பார்க்கிறேன். கட்டிப் பழக்குறதுல என் எண்ணம் முழுசா மாறல. நாங்க பழக்கினதுல தங்கமான குதிரைங்களும் உண்டு.

தாழங்குடாக்காரன்

எப்படிப் போகிறது என்று சொல்கிறேன். பல் அராவியாயிற்று. புல் நாள் முழுக்க வலையில் தொங்குகிறது. ஒரு வெள்ளாட்டுக்குட்டி கட்டியிருக்கிறோம், இரண்டும் இப்போது பிரிவதில்லை. போன வாரம் ஒரு காலை அவள் விலா முழுக்க வைக்கோல் ஒட்டியிருந்தது. அப்பா அன்றைக்கே திருவந்திபுரம் போய் மலைமேல் ஹயக்ரீவருக்கு அர்ச்சனை செய்துவிட்டு வந்தார்.

தலையை இறக்குகிறாள். பின்னங்கால் இடது பக்கம் நன்றாகத் தெரியும், வலது பக்கம் இன்னும் இறுக்கம்தான். தார்ப்பாய்ப் பின்னால் நடப்பதை அவள் விரும்பிச் செய்கிறாள் என்றே சொல்வேன். அப்பா நின்றால் இவள் அவசரப்படுகிறாள். நேற்று பாயின் மேல் முன்னங்காலை வைத்துத் தட்டினாள். சரசரவென்று சத்தம் வந்ததும் பின்னால் தாவிவிட்டு, பிறகு தானே திரும்பி வந்து மறுபடி தட்டினாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை.

வலது பக்கம்தான் புரியவில்லை. கண்ணில் குறை இல்லை என்றார் மருத்துவர். இடது பக்கம் பார்த்துப் பழகிய அதே வாளி, வலது பக்கம் வந்தால் புதிதாகப் பார்த்தது போல மிரள்கிறாள்.

நெல்லிக்குப்பம்_கரும்புக்காடு

குதிரைக்கு ஒரு கண்ணுல பார்த்தது மறு கண்ணுக்குப் போகாது, மூளை ரெண்டும் தனித்தனின்னு ஒரு வீடியோவுல சொன்னாங்க.

செம்மண்_சவாரி

பலரும் அப்படிச் சொல்கிறார்கள், ஆனால் அது சரியில்லை. மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் நரம்புப் பாலம் குதிரைக்கும் நன்றாகவே இருக்கிறது. ஒரு கண்ணை மூடிக் கற்றுக்கொடுத்ததை மறு கண்ணாலும் அடையாளம் காண்கிறது என்று சோதித்தே காட்டியிருக்கிறார்கள். பிரச்சினை வேறு. வாளியையே வேறு கோணத்திலிருந்து பார்த்தால் அதன் உருவமும் நிழலும் பின்புலமும் மாறிவிடுகின்றன. சூழலில் ஒரு சின்ன மாற்றம் இருந்தாலும் கவனிப்பது குதிரையின் இயல்பு.

குதிரை தன்னைச் சுற்றிக் கிட்டத்தட்ட 350 டிகிரி பார்க்கும். நெற்றிக்கு நேர் முன்னால் கொஞ்சம், வாலுக்கு நேர் பின்னால் கொஞ்சம், அவ்வளவுதான் தெரியாத இடம். ஆனால் கூர்மையாகப் பார்க்கத் தலையைத் தூக்கவோ இறக்கவோ வேண்டும். எனவே கயிற்றை இறுக்கிப் பிடித்து முகத்தைக் கட்டிப்போடாதீர்கள். வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குள் போகும்போது அதன் கண் பழக நம்மைவிட அதிக நேரம் எடுக்கும், லாயத்து வாசலில் சற்று நின்று போங்கள்.

இன்னொரு காரணம் நம்முடைய பழக்கம். பிடிப்பது, சேணம் போடுவது, ஏறுவது எல்லாம் இடது பக்கம்தான். வலது பக்கம் மனிதர் வந்தால் இந்தக் குதிரைக்கு முன்பு நல்லது எதுவும் நடந்திருக்காது. தீவனம் கொடுப்பது, சொறிந்துவிடுவது இரண்டையும் கொஞ்ச காலம் வலது பக்கத்திலிருந்தே செய்யுங்கள். பிடரி முடியும் இடத்தில், முதுகு தொடங்குகிற மேட்டில் சொறியுங்கள். குதிரைகள் ஒன்றையொன்று கடித்துச் சொறிந்துகொள்ளும் இடம் அதுதான், அங்கே சொறிந்தால் துடிப்பே குறையும்.

ஜாயின் அப் பற்றி வில்லியனூர் அண்ணன் சொன்னதை யோசித்துப் பார்த்தேன். பயந்த குதிரைக்கு அது சரிவராது என்பதை ஏற்கிறேன்.

தாழங்குடாக்காரன்

வாளியை வலது பக்கம் வைக்கத் தொடங்கிவிட்டேன். இன்னொரு கேள்வி. மாசி மகம் வருகிறது. தேவனாம்பட்டினம் கடற்கரைக்குச் சுற்றுப்பட்டு ஊர் சாமிகள் எல்லாம் தீர்த்தவாரிக்கு வரும். கௌரியைப் பட்டுத்துணி போட்டுக் கூட்டிப்போக வேண்டும் என்று அப்பாவுக்கு ஆசை. மேளம், கூட்டம், கொடி எல்லாம் இருக்கும். முடியுமா?

வில்லியனூர்_லாயம்

இந்த வருஷம் வேணாம். அப்பாகிட்ட நான் சொன்னதாச் சொல்லுங்க, மனசு நோகாம. அவ இப்போதான் உங்களை நம்ப ஆரம்பிச்சிருக்கா. அந்தக் கூட்டத்துல அவ பதறினா உங்களால அவளை வெளிய எடுக்க முடியாது. எடுக்க முடியாத இடத்துக்கு நீங்கதான் கூட்டிக்கிட்டுப் போனீங்கன்னு அவளுக்குத் தெரியும்.

அதுக்குப் பதிலா ஒண்ணு செய்யுங்க. மேளச் சத்தம் காதுல விழுற, ஆனா ஜனம் கண்ணுல படாத தூரத்துக்கு, திரும்பிப்போற வழி முதுகுக்குப் பின்னால திறந்திருக்குற இடமாப் பார்த்து, ஆட்டுக்குட்டியோட கூட்டிக்கிட்டுப் போங்க. புல் மேயட்டும். தலையைத் தூக்கிக் கேக்கும், கேக்கட்டும். மறுபடி தலையை இறக்கி மேய ஆரம்பிச்சதும் வீட்டுக்குத் திரும்புங்க. தலையை இறக்கவே இல்லைன்னா இன்னும் தள்ளிப் போகணும்.

பண்ருட்டி_சாரட்டு

நான் ஒண்ணு சொல்லட்டா? என்கிட்ட ஒரு வயசான ஆண் குதிரை இருக்கு, காயடிச்சது. ஊர்வலத்துக்கு இப்போ விடறதில்ல. பேண்டு சத்தத்துல நின்னுக்கிட்டே தூங்கும். அன்னிக்கு வண்டியில ஏத்திக் கொண்டாந்து உங்க பொண்ணு பக்கத்துல நிறுத்துறேன். பெரியது பதறலைன்னா சின்னதும் பதறாது. இது எந்த முறையா இருந்தாலும் ஒத்துக்குவீங்கதானே? வாடகை எல்லாம் வேணாம், டீசல் மட்டும் பார்த்துக்கோங்க.

வில்லியனூர்_லாயம்

அண்ணே, ரொம்ப நல்ல யோசனை. நான் எழுதினது எல்லாத்தையும்விட இது பலன் தரும். முன்னாடியே ஒரு நாள் ரெண்டும் வேலிக்கு இப்பாலயும் அப்பாலயும் நின்னு பழகட்டும், முதல் தடவையே கூட்டத்துல சந்திக்க வேணாம். புதுசா வர்றதுக்குச் சளி, தோல்நோய் எதுவும் இல்லைன்னு பார்த்துக்கோங்க.

தாழங்குடாக்காரன்

சாரட்டு அண்ணே, எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. டீசலோடு சேர்த்து மதியச் சாப்பாடும் எங்கள் வீட்டில்தான். அப்பாவுக்குக் கொஞ்சம் வருத்தம், இருந்தாலும் உங்கள் குதிரை வருகிறது என்றதும் சரியாகிவிட்டார். தனி மடலில் நம்பர் அனுப்புகிறேன்.

பாகூர்_ஏரிக்கரை (புதுச்சேரி)

புது ஆள் நான். எங்க வீட்டுலயும் இதே மாதிரி ஒரு மட்டக்குதிரை இருக்கு. அந்த முடிச்சுப் போட்ட தலைக்கயிறு எங்க கிடைக்கும்? ஆன்லைன்ல விலை அதிகமா இருக்கு.

வில்லியனூர்_லாயம்

வாங்கவே வேணாம், நீங்களே முடியலாம். கடலூர் முதுநகர் துறைமுகம் பக்கம் படகுக்குக் கயிறு விக்கிற கடைகள்ல கேளுங்க. தலைக்கு 6 மில்லிமீட்டர், கொஞ்சம் விறைப்பான பின்னல் கயிறு. கையில பிடிக்கிறதுக்கு 12லேருந்து 14 மில்லிமீட்டர், கனமா, மெத்துன்னு இருக்கணும். லேசான நைலான் வேணாம், கையை அறுக்கும், நீங்க ஆட்டுறது குதிரைக்குப் போயும் சேராது. மூக்குப் பட்டை கன்ன எலும்புக்கு ரெண்டு விரக்கடை கீழ வரணும். அதுக்கும் கீழ இறங்குனா மூக்குத் தண்டு மேல உக்காரும், அங்க எலும்பு மெலிசு.

இதைப் போட்டுக் குதிரையை எங்கயும் கட்டாதீங்க. இது அறாது, அதனால கழுத்து போயிடும். கட்டுறதுக்குப் பட்டையான தலைக்கயிறு போட்டு, கம்பத்துக்கும் கயிறுக்கும் நடுவுல ஒரு சணல் இழையைக் கட்டிவிடுங்க. பதறி இழுத்தா சணல் அறணும்.